வாத்து மார்க் முதலிடம்

ஓட்டக் காலணிகளின் விலை கம்பெனிக்குக் கம்பெனி ஏன் மாறுபடுகிறது என்று கண்டறிந்து அறிக்கை தருமாறு விலை ஆய்வுத் துறைக்கு மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று காலணிகள். கழுகு மார்க் ஆனை விலை, மான் மார்க் குதிரை விலை, வாத்து மார்க் மட்டும் மனுஷ விலை. இதனால் பொதுமக்கள் பெரும் மனக்குழப்பத்துக்கு ஆளாகியிருப்பதாக ஆணையில் கண்டிருந்தது.

ஒவ்வொரு அதிகாரியும் அடுத்தவரிடம் தள்ளிவிட, கடைசியில் அது கண்காணிப்பாளரின் மேஜையில் வந்து விழுந்தது. இப்படி வந்து விழுகிற வேலைகளைப் பார்த்தாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும். ஆனால் இதைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. காரணம் அவர் வீட்டில் இருந்தது.

அவருடைய மகள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவள். கழுகு மார்க்தான் வேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒரே ரப்பர்தாம்மா. வாத்து வாங்கித் தர்றேன்."

"வாத்தைப் போட்டுக்கிட்டு ஓடினா கிளாஸே குவா குவான்னு கத்தும்ப்பா!"

அடுப்படியிலிருந்து மனைவி ஒரே போடாகப் போட்டாள். "ஒரே ரப்பர்னு நீங்க சொன்னா ஆச்சா? கவர்மென்ட் முத்திரையா குத்தியிருக்கு?"

முத்திரைதானே? குத்திவிட்டால் போயிற்று. கண்காணிப்பாளர் மறுநாளே மூன்று கம்பெனி மேலாளர்களையும் வரவழைத்தார்.

"உங்க ஷூ ஏன் இவ்வளவு விலை?" என்று கழுகைக் கேட்டார்.

"எங்க விளம்பரத்துல வர்றவர் உலக சாம்பியன் சார். அவருக்குக் கொட்டிக் குடுக்கிற பணம் எங்கிருந்து வரும்?"

"உங்க ஷூவைப் போட்டுத்தான் அவர் ஜெயிச்சாரா?"

"இல்ல சார். ஜெயிச்சதுக்கப்புறம்தான் போட்டார்."

மான் கம்பெனிக்காரர் இன்னும் வெளிப்படையானவர். "கழுகு என்ன விலையோ, அதுக்கு ஒரு படி கீழ வைப்போம் சார். கழுகு வாங்க வசதியில்லாதவங்க, வாத்து வாங்க வெக்கப்படுறவங்க, இவங்களுக்கும் ஒரு ஷூ வேணாமா?"

வாத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏத்தி வெச்சா விக்காதோன்னு பயம் சார். வேற ஒண்ணுமில்ல."

மூன்று பேரும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அதை அப்படியே எழுதி அனுப்பினால் விவகாரம் அன்றைக்கே முடிந்திருக்கும். அப்படிச் சட்டென்று முடிந்துவிட்டால் அதற்குப் பெயர் ஆய்வா? இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் வெறும் பேச்சுய்யா. விஞ்ஞானபூர்வமா ஓடிப் பாருங்க. ஊழியர்களுக்கு ஊக்கமா இருக்கட்டும், நானே ஓடுறேன்."

அலுவலகத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் வண்டிக் கொட்டகைக்கும் இடையே பந்தயம் நடந்தது. வீங்கிய பாதமுள்ள இயக்குநருக்கு அகலமான வாத்து மட்டும்தான் நுழைந்தது. துணை இயக்குநர் மானைப் போட்டுக்கொண்டார். கல்லூரிக் காலத்தில் ஓட்டத்தில் கோப்பை வாங்கிய தட்டச்சருக்குக் கழுகு.

கண்காணிப்பாளர் விசில் ஊதினார். இயக்குநர் சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிறவரைப் போல் புறப்பட்டார். துணை இயக்குநர், நடைக்கூடத்தில் அவர் பின்னால் எவ்வளவு இடைவெளி விட்டு வருவாரோ அதே இடைவெளியில் மூச்சிரைக்க ஓடி வந்தார். தட்டச்சர் பாவம், நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து ஓடினார். பாதி வழியில் இயக்குநர் காலணிக் கயிறு கட்டக் குனிந்தார். துணை இயக்குநரும் குனிந்தார். தட்டச்சர் நின்று மேகத்தைப் பார்த்தார். மேலதிகாரியை முந்தி நடந்தவன் அந்தத் துறையின் சரித்திரத்திலேயே கிடையாது.

வாத்து முதலிடம், மான் இரண்டாமிடம், கழுகு கடைசி. கழுகு கம்பெனி கூச்சல் போட்டதால் மறு ஆய்வும் நடந்தது. இயக்குநருக்கு வாத்து பழகிவிட்டதால் அதையே போட்டுக்கொண்டார். முடிவு முன்னைவிடத் தெளிவாக வந்தது.

இதிலிருந்த ஓட்டை கண்காணிப்பாளருக்குத் தெரியாமலில்லை. கழுகின் விலையை நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்: "காலணியின் விலை உயர உயர அதன் வேகம் குறைகிறது என்பது ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளது." கீழே முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

செய்தித்தாள்கள் அதை முதல் பக்கத்தில் போட்டன. மகள் படித்துவிட்டு வாயைப் பிளந்தாள். "சரிப்பா, வாத்தே வாங்கித் தாங்க." வாழ்நாளில் முதல்முறையாகத் தன் அறிக்கையால் ஒரு குடும்பம் பயனடைந்ததை எண்ணி அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் காலணிக் கடைக்குப் போனபோது வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் வரிசை நின்றது. வாத்துப் பெட்டி ஒவ்வொன்றிலும் 'அரசு ஆய்வில் முதலிடம்' என்று தங்க எழுத்து. விலை, பழைய கழுகையும் மிஞ்சிவிட்டது. கழுகு ஜோடிகள் வாசலில் கூடையில் குவிந்து கிடந்தன, அடிமாட்டு விலைக்கு.

"போன வாரம் மலிவா இருந்துச்சேப்பா?" என்றார் கண்காணிப்பாளர், தன் முறை வந்ததும் விற்பனையாளரிடம்.

"அப்ப இது இவ்வளவு வேகம்னு எங்களுக்கே தெரியாது சார்."

வரிசையில் பின்னால் நின்ற, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் பல்லைக் கடித்தார். "எவன் இந்த ஆராய்ச்சியைப் பண்ணினானோ, அவன் கால் விளங்குமா?"

"அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது சார்!" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னார் கண்காணிப்பாளர்.

பிறகு ஓரமாகப் போய் மகளுக்குப் போன் போட்டார். "கழுகுதானே ஆசைப்பட்டே? இங்க கூடையில கிடக்கும்மா."

"ஐயோ அப்பா! அது மெதுவா ஓடும்னு நீங்கதானே முத்திரை குத்தினீங்க? அதைப் போட்டா எல்லாரும் சிரிப்பாங்க."

போனை வைத்துவிட்டு, மகளின் வாத்துக்காகச் சம்பளத்தில் பாதியை எடுத்து விற்பனையாளரிடம் நீட்டினார்.

"உங்களுக்கும் ஒரு ஜோடி வாத்து போடவா சார்?"

"வேணாம்ப்பா," என்று குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கழுகு போதும். வாத்து போட்டா டைரக்டரை முந்தின மாதிரி ஆயிடும்."

"ஓ, விலை ஆய்வுத் துறையா சார்?" விற்பனையாளர் குரல் தெருவரை கேட்டது. "உங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் இதையே சொல்லிக் கழுகுதான் வாங்கிட்டுப் போனாங்க!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக்காரர் வரிசையை விட்டு விறுவிறுவென்று கிட்டே வந்தார். அடி விழப் போகிறது என்று கண்காணிப்பாளர் வாத்துப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் அந்தப் பெட்டிக்கு மேலாக எட்டிக் குனிந்து, காதோடு காதாகக் கேட்டார்.

"சார், அடுத்து எந்த மார்க்கை முதலிடம் ஆக்கப் போறீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க, விலை ஏறுறதுக்குள்ள வாங்கிப் போட்டுடுறேன்."