பார்சலோனா அண்ணை போட்ட பட்டியல்

பார்சலோனா நகரத்தை இந்த உலகத்தில் அதிகம் நேசித்த மனிதர் ஸ்பெயின் நாட்டுக்காரர் அல்லர். அவர் கனடாவின் ஸ்காபரோவில், எலிவேற்றர் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை செய்கிற ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தார். மில்லிக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மஃபின்களைப் பெட்டிக்குள் அடுக்குவது அவருடைய வேலை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். அது தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் பார்சலோனா அண்ணை.

தொண்ணூறுகளில் அந்தக் கட்டடத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் எவரும் கனடாவுக்கு நேராக வந்தவரல்லர். ஏஜென்ற் எங்கே கொண்டுபோய் இறக்கினானோ அங்கே மாதக்கணக்கில் ஒளிந்து கிடந்துதான் வந்தோம். ஒருவருக்கு மொஸ்கோ, இன்னொருவருக்கு பாங்கொக். வந்து சேர்ந்ததும் அந்த ஊரைத் தலைமுழுகிவிடுவது வழக்கம். அண்ணை மட்டும் தன்னுடைய பார்சலோனாவின் ஐந்து மாதங்களைச் சீதனம் போலக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மற்ற வீடுகளில் முருகன் கலண்டர் தொங்குகிற இடத்தில் அவர் வீட்டில் பார்சலோனா வரைபடம் ஒட்டியிருக்கும். விளக்கு வைக்கிறபோது அதற்கும் ஒரு பூ வைப்பார் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிப்போவது எங்கள் சட்டம். ஒருமுறை வான் வண்டியில் ஒரு இடம் மிஞ்சியதால் அண்ணையையும் ஏற்றிப் போனோம். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அவர் இரண்டு நிமிடம் பார்த்தார்.

"தண்ணி விழுது. சரி. பார்சலோனாவிலை தண்ணியைப் பாட்டுக்கு ஆட விடுவாங்கள், தம்பி."

அதன் பிறகு நயாகராவைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

ஒரு கோயில் கட்டடக் குழுவின் கூட்டத்தில், வேலை மூன்று வருடமாக இழுபடுகிறதே என்று சனங்கள் சத்தம் போட்டபோது அண்ணை எழுந்தார். பார்சலோனாவில் ஒரு கோயிலை நூறு வருடத்துக்கு மேலாகக் கட்டுகிறார்கள், இன்னும் கூரை போடவில்லை, உலகம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்றார். குழுத் தலைவர் அடுத்த பொங்கலுக்கு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

செத்த வீட்டிலும் அவரை நிறுத்த முடியாது. பார்சலோனாவில் மலைச்சரிவில் சுவர் கட்டி, அலுமாரியில் இழுத்துத் திறக்கிற லாச்சி மாதிரி அறை அறையாகப் பிரேதங்களை வைப்பார்கள், அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று ஒரு முறை சொல்லத் தொடங்கினார். செத்தவரின் தம்பி, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தவர், அழுகையை நிறுத்தி, "கடல் வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எதிரி ஒருவர் இல்லாமல் போவாரா? ஒன்பதாவது மாடியில் இன்சூரன்ஸ் சிவம் இருந்தார். மற்றவர்கள் சாவதைப் பற்றிக் கதைத்துச் சீவிக்கிறவர் என்பதால் எதையும் நம்பமாட்டார். சனிக்கிழமைகளில் கட்டடத்தின் பார்ட்டி அறையில் நாங்கள் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். ஒரு சனிக்கிழமை, சீட்டைக் கையில் விரித்தபடியே சிவம் சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணை, உந்தப் பெரிய கோயிலுக்கு உள்ளுக்கு என்ன இருக்கு?"

அண்ணை துருப்பைப் பற்றிக் கதைத்தார். சிவம் விடவில்லை. ஐந்து மாதம் இருந்தவரிடம் ஒரு படம்கூட இல்லையா என்றார். அண்ணை தேநீரைப் பற்றிக் கதைத்தார்.

"உவர் பார்சலோனாவைச் சுவரிலைதான் பாத்தவர்," என்றார் சிவம். "ஏஜென்ற் உவரை வேறை எங்கையோ ஒரு அறைக்குள்ளை பூட்டி வைச்சிருப்பான். மேப்பைக் குடுத்திட்டுப் போயிருப்பான்."

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணை சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மஃபின் தொழிற்சாலைக்கு அதிகாலை போகவேண்டும் என்று எழுந்து போனார். மறுநாள் ஞாயிறு, தொழிற்சாலை பூட்டு. அடுத்த சனி அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. எலிவேற்றரில் கண்டால் தலையை ஆட்டுவார். வாயிலிருந்து பார்சலோனா என்ற சொல்லே வராது. கட்டடம் முழுவதற்கும் சுகமில்லாதது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கும் வதனிக்கும் கல்யாணம் நடந்தது. எங்கள் ஆட்களின் தேனிலவு எப்படி என்று வாசகர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். கல்யாணத்துக்கு வரமுடியாத சொந்தக்காரர் ஐரோப்பா முழுவதும் இருப்பார்கள். அவர்கள் வீடுகளில் போய்ச் சாப்பிடுவதுதான் தேனிலவு. அம்மா இலண்டனில் ஐந்து வீடு, பாரிஸில் ஆறு வீடு, சுவிஸில் மூன்று வீடு என்று ஒழுங்கு செய்திருந்தார். வதனி வங்கியில் வேலை செய்கிறவள், பத்து வயதில் கனடாவுக்கு வந்தவள். பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"என்னப்பா, சொந்தக்காரர் இல்லாத ஊரிலை ஒரு நாலு நாள். ப்ளீஸ்."

அப்படி ஒரு ஊரைக் கண்டுபிடிப்பது லேசா? ரோம் என்றேன். அப்பாவின் கூட்டாளி அங்கே இருக்கிறார் என்றார் அம்மா. ஒஸ்லோவில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. வெனிஸ் என்றேன். சித்தப்பாவின் மருமகன் அங்கே பீட்சாக் கடையில் மா குழைக்கிறாராம், போகாவிட்டால் கோபிப்பாராம். கடைசியில் பார்சலோனா என்றேன். அம்மா நெடுநேரம் யோசித்தார், விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், தொலைபேசியில் இரண்டு பேரைக் கேட்டார். ஒருவருமில்லை.

செய்தி ஆறாவது மாடிக்குப் போயிற்று. அன்று மாலையே அண்ணை வந்தார், கையில் ஒரு அப்பியாசக் கொப்பி. நாலு பக்கம் சாய்வு எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார்.

"தம்பி, வேறை புத்தகம் ஒண்டும் வாங்காதை. இதிலை இருக்கிறபடி பார். கடைசியா இருக்கிறதைக் கட்டாயம் பார்."

கடைசியாக இருந்தது சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் நிற்கும் ரெலிபோன் பூத். அதன் கீழே மூன்று கோடு இழுத்திருந்தார்.

அடுத்த நாள் எலிவேற்றரில் சிவம் என்னை மறித்தார். எல்லாவற்றையும் படம் எடுத்து வரவேண்டும், அப்போது தெரிந்துவிடும் என்றார். அண்ணையின் மானம் இப்படியாக என்னுடைய கமெராவுக்குள் வந்து விழுந்தது.

இலண்டன், பாரிஸ், சுவிஸ் எல்லாம் தின்று முடித்து, நடக்கமுடியாத நிலையில் பார்சலோனாவில் இறங்கினோம். முதல் நாள் காலை கொப்பியைத் திறந்தேன். "பெரிய கோயில். முன்வாசலுக்குப் போகவேண்டாம். சுற்றிப் பின்பக்கம் போனால் கம்பி வேலியும் சின்னக் கதவும் இருக்கும். அங்கே நின்று பார்க்கவும். கையில் ஒரு வாளி இருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

உலகம் முழுவதும் முன்வாசலில் நின்று படமெடுக்க, நானும் என் புது மனைவியும் பின்வேலியில் சீமெந்துத் தூசிக்குள் நின்றோம். அவள் நல்ல மயில்கழுத்து நிறச் சேலை உடுத்திருந்தாள். பத்து நிமிடத்தில் சாம்பல் நிறமானது. ஆனால் வேலி இருந்தது. சின்னக் கதவும் இருந்தது. நான் படமெடுத்தேன்.

பிறகு சந்தை. "இரண்டு மணிக்குப் பிறகு போகவும். மீன்தலை சும்மா தருவார்கள்." ஹொட்டேலில் தங்கியிருக்கிற புதுமணத் தம்பதிக்கு மீன்தலை எதற்கு? ஆனாலும் வாக்குக் கொடுத்தவன் ஆயிற்றே. கேட்டேன். தந்தார்கள். பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு குவெல் பூங்காவுக்குப் போனோம். வண்ண ஓடு பதித்த நீண்ட வளைந்த இருக்கையைப் பற்றிக் கொப்பியில் இருந்தது இவ்வளவுதான்: "சாய்ந்து நித்திரை கொள்ளலாம். காவல்காரன் நாலு மணிக்குத்தான் வருவான்."

வதனிக்குப் பொறுமை போயிற்று. மீன்தலையை என் மடியில் வைத்தாள்.

"நாங்கள் ஹனிமூனுக்கு வந்தனாங்களோ, ஒளிச்சுப் பிடிச்சு விளையாட வந்தனாங்களோ?"

சொன்னவள் அப்படியே நின்றாள். பிறகு கொப்பியைப் பறித்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். ரம்ப்லா வீதியில் இடப்பக்கமாக நடக்கவும், வலப்பக்கம் பொலிஸ் நிற்கும். சிலை மாதிரி வேஷம் போட்டு நிற்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றால் ஒருவரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள். கடற்கரையில் டொமினோ விளையாடும் கிழவர்களோடு இருக்கவும், அவர்கள் பெயர் கேட்பதில்லை. பாட்டுக்கு ஆடும் தண்ணியைக் கூட்டத்தின் நடுவில் நின்று பார்க்கவும், ஓரத்தில் நிற்க வேண்டாம்.

"என்னப்பா, இது சுற்றுலா லிஸ்ற் இல்லை," என்றாள். "அந்த மனுசன் அஞ்சு மாதமும் ஒளிச்சுத் திரிஞ்சிருக்கு. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எப்பிடித் தெரியும்? உள்ளுக்கு விட்டாத்தானே."

எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. நானும் ஒளிந்து வந்தவன்தான், நான் இருந்தது பிராங்க்பேர்ட். எனக்கு இது முதலில் விளங்கியிருக்க வேண்டும்.

அதன் பிறகு வதனி பிடித்த பிடி இருக்கிறதே, அதைச் சொல்லவேண்டும். கொப்பியில் உள்ளதிலிருந்து ஒரு அங்குலம் விலக விடவில்லை. ரம்ப்லாவில் இடப்பக்கம் மட்டும். வெள்ளி நிறம் பூசி அசையாமல் நின்ற ஒருவருக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நின்றோம். உண்மையாகவே எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. நான் கமெராவோடு தடுமாறுவதைக் கண்ட ஒரு பொலிஸ்காரர், இரண்டு பேரையும் சேர்த்துப் படமெடுத்துத் தரட்டுமா என்று சிரித்தபடி கைச்சாடை காட்டிக்கொண்டு வந்தார். வதனி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கைப்பைக்குள் இரண்டு கனடியக் கடவுச்சீட்டு இருக்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூக்கடைகளுக்கூடாக ஓடினோம். அந்தப் பொலிஸ்காரர் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பார்.

ஓடி நின்ற இடம் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கை. அங்கே பூத் நின்றது.

கண்ணாடி வெடித்திருந்தது. உள்ளே, போனுக்குப் பக்கத்தில் இருந்த தகட்டில், பேனையால் அழுத்திக் கீறிய அதே சாய்வு எழுத்து. தமிழில்.

"இந்தப் போன் காசு விழுங்கும். மருந்துக்கடைக்கு முன்னால் உள்ளது நல்லது. ரம்ப்லாவில் இடப்பக்கம் நட. மீன்தலை இரண்டு மணிக்குப் பிறகு. பயப்பிடாதே."

அதன் கீழே வேறு வேறு கையெழுத்துகள். ஒருவர், "உண்மை. எனக்கும் விழுங்கினது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "மீன்தலைக்கு நன்றி அண்ணை." மூன்றாமவர், "வலப்பக்கம் நடந்து பிடிபட்டு, விட்டுவிட்டார்கள். தயவுசெய்து அண்ணை சொல்வதைக் கேளுங்கள்." இப்படி ஏழு பேர். கடைசி வரி, "நாளைக்குப் பறக்கிறேன்" என்று இருந்தது.

வதனி கைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தைப் போட்டாள். போன் விழுங்கிற்று. அவள் சிரித்தாள், பிறகு அந்தத் தகட்டில் நெற்றியை வைத்து அழுதாள். நான் படமெடுத்தேன்.

ரொறன்ரோவுக்கு வந்து படங்களைக் கழுவினோம். வேலி வந்திருந்தது. மீன்தலை தெளிவாக வந்திருந்தது. பூத்தின் படத்தில் பிளாஷ் தகட்டில் பட்டுத் தெறித்து எல்லாம் வெள்ளையாக இருந்தது, மூலையில் என் பெருவிரல் மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை நானும் வதனியும் அண்ணையைக் கெஞ்சி, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு பார்ட்டி அறைக்கு வந்தோம். சிவம் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெள்ளைப் படத்தில் நின்றார்.

"இதென்ன, ஒஷாவாவிலை பனி கொட்டேக்கை எடுத்த படமோ?"

ஒருவரும் சிரிக்க முன்னர் வதனி எழுந்தாள். ஆண்கள் மட்டும் இருக்கும் அந்த அறையில் அதுவரை ஒரு பெண் எழுந்து நின்று கதைத்ததில்லை. பூத்தில் இருந்த அத்தனை வரியையும் அவள் பாடமாகச் சொன்னாள். பிறகு அப்பியாசக் கொப்பியைச் சிவத்தின் சீட்டுகளுக்கு மேலே வைத்தாள்.

"இதே கையெழுத்து, சிவம் அங்கிள். நான் வங்கியிலை நாள் முழுக்கக் கையெழுத்துத்தான் பாக்கிறனான்."

சிவம் கொப்பியை வாசித்தார். மெதுவாக வாசித்தார். வாசித்து முடிய, எழுந்து தன்னுடைய கதிரையை அண்ணையின் பக்கம் தள்ளினார்.

அண்ணை அதைக் கவனிக்கவே இல்லை. தான் வென்றுவிட்டதும் அவருக்குத் தெரியவில்லை. அவர் வதனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கீழை எழுதியிருந்தவையோ? பிறகு வந்தவங்கள்?"

"ஓம் அண்ணை."

"எத்தினை பேர்?"

"ஏழு பேர்."

அண்ணை ஏழு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். மூன்று கோடு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் நம்புகிறோமா என்பது அவருக்குப் பெரிய விடயமே அல்ல. எழுதி வைத்ததை யாராவது பார்த்தார்களா என்பதுதான் அவருக்கு இத்தனை வருடமும் வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிவத்தின் கதிரையில் உட்கார்ந்தார், சீட்டைக் குலைத்தார்.

"பார்சலோனாவிலை சீட்டை இப்பிடிப் போடமாட்டாங்கள்," என்று தொடங்கினார். நாங்கள் எல்லாரும் ஆறுதலாக மூச்சு விட்டோம்.

அதற்குப் பிறகு நானும் வதனியும் இரண்டு முறை பார்சலோனாவுக்குப் போய்வந்துவிட்டோம். புத்தகம் வாங்கி, ரிக்கற் எடுத்து, பெரிய கோயிலுக்கு முன்வாசலால் உள்ளே போய்ப் பார்த்தோம். மிக அழகு. அந்தப் பூத் இப்போது இல்லை. அண்ணையும் இல்லை. ஆனாலும் ரம்ப்லாவில் நாங்கள் இரண்டு பேரும் இடப்பக்கமாகத்தான் நடக்கிறோம்.