அரிவாளோடு நடத்திய வெள்ள ஒத்திகை

ஊரைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்களைக் கண்டால் நான் இரண்டடி ஒதுங்கியே நிற்பேன். இருபத்திரண்டு வயதில் நானும் ஒருமுறை கிளம்பியவன்.

அறுபதுகளின் கடைசி. தென்னேரியில் பயிர் வைக்கிற குடும்பத்துப் பிள்ளையான நான் காஞ்சிபுரத்தில் சர்க்கார் குமாஸ்தா. மழைக்கு முன்னால் வெள்ள ஒத்திகை நடத்த உத்தரவு வந்தது. ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு வெள்ளத்தைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்று மார்தட்டி, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தாழ்வான நெசவுத் தெருவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். (வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. அதையாவது கவனித்திருக்கலாம்.)

வேகவதி ஆற்றில் தண்ணீர் ஏறினால் அங்கே முதலில் நிரம்புவது தறிக்குழி, அதாவது நெசவாளர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பள்ளம். விசில் ஊதிய ஐந்தாவது நிமிடம் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்பது என் திட்டம். இடுப்பில் அரிவாள் வேறு. எங்கள் ஊரில் கரை உடையப்போகிறது என்றால் முதல் வேலை மாட்டுக்கயிற்றை அறுத்துவிடுவதுதான். முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நிற்க நேரமிருக்காது.

விசில் ஊதினேன். தெருவே வெளியே வந்துவிட்டது, ஏகாம்பரம் அண்ணனைத் தவிர. உள்ளே போனால் மனிதர் சாவகாசமாக நெய்துகொண்டிருக்கிறார். தறியில் இருந்தது என் அக்காவின் கூறைப்புடவை. கல்யாணத்துக்குப் பத்தே நாள். பாவைக் (நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளை) கழற்றிச் சுருட்ட அரைமணி ஆகும் என்றார். வாசலில், ஒத்திகையைப் பார்வையிட வந்த ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பாவை இழுத்துப் பிடித்திருந்த கயிறு கண்ணில் பட்டது. ஒரே வெட்டு.

அறை நீளத்துக்கு விறைப்பாக நின்ற இழைகள் அத்தனையும் குழிக்குள் சரிந்து சிக்கிக்கொண்டன. பாதி அறுந்தே போயின. ஐயோ, மாப்பிள்ளை வீட்டார் பல்லி கத்தினாலே உட்கார்ந்து யோசிக்கிறவர்கள். கூறைப்புடவை தறியிலேயே அறுந்தது தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும்.

ஏகாம்பரம் அண்ணன் கத்தவில்லை. "மாட்டுக்கயித்த அறுத்தா மாடு ஓடிப் பொழைச்சிக்கும்பா. பாவு எங்க ஓடும்?" என்றார்.

லீவு போட்டு அவர் வீட்டிலேயே கிடந்தேன். அவரும் அவர் மனைவி கன்னியம்மாளும் விரலில் சாம்பலைத் தொட்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்தார்கள். நான் இழை எடுத்துக் கொடுத்தேன். (என் கை பட்டு அறுந்தவை தனி.) முகூர்த்தத்துக்கு முதல்நாள் புடவை வந்தது. அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். புடவையைத் தடவிப் பார்த்தவள், "நாளைக்குத் தாலிக்கயிறு பக்கம் மட்டும் வந்துடாதடா" என்றாள். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷமே வேகவதி நிஜமாகவே பொங்கியது. விசிலோடு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தெரு காலி. பாவுகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இழை நனையவில்லை. ஆபீசர் என் ஒத்திகையை மெச்சிப் பேச, ஏகாம்பரம் அண்ணன் எழுந்தார்.

"வெள்ளத்துக்கு யாரு சார் பயந்தா? இவரு வர்றதுக்குள்ள சுருட்டிடணும்னுதான் ஓடியாந்தோம்."

இன்றும் ரேடியோவில் புயல் என்றால் போதும், "தென்னேரிக்காரரு வந்துக்கினு இருக்காரு, சுருட்டுங்கப்பா" என்று அந்தத் தெருவில் குரல் கேட்கும். இதைவிட நல்ல எச்சரிக்கையை எந்தச் சர்க்காரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.