ரிமோட்டுக்கு மட்டும் புனர்பூஜை

மைசூர்,
ஆயுத பூஜை.

சௌபாக்கியவதி அன்னபூர்ணி அக்காவுக்கு, உன் தம்பி யக்ஞநாராயணன் சாஷ்டாங்கமாக (இடுப்பு வலியினால் மானசீகமாக) நமஸ்கரித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் என்னைத் தவிர எல்லோரும் க்ஷேமம். அவ்விடம் உன் முழங்காலும் அத்திம்பேரின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க சாமுண்டீஸ்வரி பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் காலத்தில் கடுதாசியா என்று கேட்பாய். என் ஃபோன் பூஜையில் இருக்கிறது. பேனாக்களும் பூஜையில் இருக்கின்றன. இது மருமகள் சைத்ராவின் புருவப் பென்சில்.

விஷயம் இதுதான். நீ உடனே என் பிள்ளை சுதர்ஷனை ஃபோனில் கூப்பிட்டு, "ரயில் எஞ்சினையே ரிப்பேர் பண்ணி அனுப்பின மனுஷன்டா உங்கப்பன், மரியாதையா ஸ்கூட்டர் சாவியைக் குடுடா" என்று சத்தம் போட வேண்டும். அவன் பயப்படுகிற ஒரே ஜீவன் நீதான்.

முந்தாநாள் பூஜைக்கு வாழைக்கன்று வாங்க மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். கன்றை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக் கட்டினால் இலை கண்ணை மறைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓர் ஆட்டோவின் பின்பக்கத்தை லேசாகத் தொட்டேன். இடித்தேன் என்று சுதர்ஷன் சொல்வான், நம்பாதே. முழங்கையில் சிராய்ப்பு, அதுகூட ஆட்டோக்காரன் என்னைத் தூக்கிவிட்டபோது பட்டது. வீட்டுக்கு வந்ததும், "ஆயுத பூஜைல வெக்கறேம்ப்பா" என்று சாவியை வாங்கிக்கொண்டான். எப்போடா திருப்பித் தருவே என்றால், "பாக்கலாம்ப்பா" என்கிறான். ஏழாம் கிளாஸில் அவன் சைக்கிள் கேட்டபோது நான் சொன்ன அதே பாக்கலாம்! குரல்கூட என் குரல்தான்.

அந்த எரிச்சலில்தான் நேற்று பேத்தி ஷ்ரேயாவோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஏதோ விண்வெளி சீரியல், கன்னடத்தில் பேசுகிறார்கள். கப்பல் ஒரு பச்சை மேகத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது, பார்த்தால் கேப்டனும் இன்னும் மூன்று பேரும் பத்து வயசுப் பிள்ளைகளாகிவிட்டார்கள். உடம்புதான் சின்னது, மூளை அதே மூளை. தொளதொளச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கேப்டன், "கப்பலைத் திருப்பு" என்று ஆர்டர் போடுகிறார், அவருக்குக் கீழே வேலை பார்த்தவனே, "புட்டா, மொதல்ல ஹாலு குடி" என்று குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி பால் டம்ளரை நீட்டுகிறான். அக்கா, என் கையிலிருந்த பால் டம்ளரை நான் நைசாகக் கீழே வைத்துவிட்டேன். கொள்ளைக்காரர்கள் கப்பலைப் பிடித்த இடத்தில், மீதி நாளைக்கு என்று போட்டுவிட்டான் படுபாவி. அந்த மனுஷர் திரும்பப் பெரியவர் ஆனாரா இல்லையா என்று தெரியாமல் நான் தூங்கவில்லை.

இன்று காலை சைத்ரா என்ன செய்தாள் தெரியுமா, ரிமோட்டையும் என் ஃபோனையும் பூஜையில் வைத்துவிட்டாள், ஒருநாளாவது வீடு அமைதியாக இருக்கட்டுமாம். ஷ்ரேயா சந்தோஷமாகக் கணக்குப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நாளை விஜயதசமி புனர்பூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. சாயங்காலம் தசரா விளக்கு பார்க்கக் கிளம்பினார்கள். கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேனாம்! "அப்பா, பெல் அடிச்சா யாரு பந்த்ரூ கதவைத் தெறக்காதீங்கோ, சரியா?" என்றாள் சைத்ரா, பாதி கன்னடத்தில். யார் வந்தாலும் திறக்கக் கூடாதாம். சரி என்று தலையை ஆட்டினேன்.

அவர்கள் போனதும் யோசித்தேன். புனர்பூஜைதானே வேண்டும், எனக்கென்ன மந்திரம் தெரியாதா? ரிமோட்டுக்கு மட்டும் இரண்டு புஷ்பம் போட்டு, வெல்லத்தை நைவேத்தியம் பண்ணி, அம்பாளை வழியனுப்புகிற யதாஸ்தானம் சொல்லி ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தினேன். பக்கத்திலிருந்த ஸ்கூட்டர் சாவியும் சேர்ந்து கொஞ்சம் நகர்ந்தது. அம்பாள் கோபித்துக்கொள்ளவில்லை, சந்தனம்தான் காலை வாரிவிட்டது. பட்டன் இடுக்கெல்லாம் புகுந்து காய்ந்து போய், சத்தம் கூட்டுகிற பட்டன் அமுங்கினது அமுங்கினதுதான், எழுந்திருக்கவே இல்லை. கேப்டன் வாயைத் திறந்தார், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மாடி வீட்டு முரளிதரன் ஓடிவந்து பெல் அடிக்கிறார், கதவை இடிக்கிறார், "மாமா! மாமா!" என்று கத்துகிறார், நான் எப்படித் திறப்பேன், திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காளே! அவர் சுதர்ஷனுக்கு ஃபோன் போட்டுவிட்டார். எல்லோரும் மூச்சிரைக்க ஓடிவந்தபோது நான் நாற்காலிமேல் நின்று டிவிக்குப் பின்னால் ஸ்விட்ச் தேடிக்கொண்டிருந்தேன்.

சுதர்ஷன் டிவியை அணைத்தான். "எறங்குங்கோப்பா. கையில என்ன?"

"ஒண்ணுமில்லேடா."

"இன்னொரு கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். சாவி.

"அம்மா, தாத்தா சிக்க ஹுடுகா ஆகிபிட்ரு!" என்று ஷ்ரேயா குதித்தாள். தாத்தா பொடிப்பையனாகிவிட்டேனாம்! சுதர்ஷன் சிரிக்கக்கூட இல்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "போதும்ப்பா. ஸ்கூட்டரை வித்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பெரிய மனுஷன் என்பதற்கு இந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி அந்த ஸ்கூட்டர்தான் அக்கா. கைவிட்டுவிடாதே.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். அங்குள்ள குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். சுதர்ஷனுக்கும் உன் ஆசீர்வாதம் காது சிவக்கிற அளவுக்குக் கிடைக்கட்டும்.

உன் தம்பி,
யக்ஞநாராயணன்

பி.கு.: விஜயதசமி காலை. பேனா கிடைத்துவிட்டது. அக்கா, ஃபோன் பண்ணாதே. நேற்று ராத்திரி ஷ்ரேயா அவள் சிநேகிதியிடம் கேட்டு வந்து சொன்னாள், கேப்டன் சின்னப் பிள்ளை மாதிரி அழுது அடம்பிடித்துத்தான் கொள்ளைக்காரர்களை ஏமாற்றிக் கப்பலை மீட்டாராம். நானும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். பலித்தது! புனர்பூஜை முடிந்ததும் சுதர்ஷன் சாவியைக் கொண்டுவந்து என் தலையணையில் வைத்தான். ஜெயித்துவிட்டோம் என்று திரும்பிப் பார்க்கிறேன், அவனுக்குக் கீழ் உதடு துடிக்கிறது, முதல்நாள் ஸ்கூல் வாசலில் துடித்ததே, அதே மாதிரி. "அம்மாவும் போயாச்சு. நேத்திக்கு முரளி மாமா ஃபோன் பண்ணினதும் உங்களுக்கு என்னவோ ஆயிடுத்துன்னு பயந்துட்டேம்ப்பா" என்றான். வீட்டில் யாராவது ஒருத்தர் பெரியவராக இருந்தாகணுமே. சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டு, "நீயே ஓட்டுடா, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்றேன். இதைத் தபால் பெட்டியில் போட இரண்டு பேருமாகக் கிளம்பிவிட்டோம், வாசலில் நின்றுதான் எழுதுகிறேன். ஹெல்மெட் வார் எனக்குச் சரியாக மாட்ட வரவில்லை என்று அவன் கிட்டே வந்தான். மோவாயைத் தூக்கிக் காட்டினேன்.