உருதுப் புத்தகமும் என் கைநாட்டும்

மதிப்பும் அன்பும் கொண்ட மெஹபூப் பாஷா பாய் அவர்களுக்கு, ஓசூரிலிருந்து ஆஞ்சப்பன் சொல்லச் சொல்ல சுக்ரா எழுதும் கடிதம். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். கிருஷ்ணகிரியில் உங்க முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

காவிரித் தண்ணித் தகராறில் பெங்களூர் பஸ்ஸெல்லாம் பார்டர்ல ஜூஜூவாடியோட நின்னு, சானமாவு காட்டு யானைங்க மட்டும் பார்டர் தாண்டிப் போய்வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? அப்பத்தான் எங்க வாசகசாலைப் பின்கட்டில் மூணு மூட்டை வந்து விழுந்தது. யாரோ தானம் கொடுத்த தெலுங்கு, கன்னடம், உருதுப் புத்தகங்க. படிக்க ஆளில்லைன்னு ‘இதர’ன்னு எழுதிப் போட்டுட்டாங்க. நான் அதுமேல உக்காந்துதான் டீ குடிப்பேன். போன மாசம் புது லைப்ரரியன் ஸ்வாதி வந்து, “தாத்தா, எழுந்திருங்க, நீங்க உக்காந்திருக்கறது பாதி ஓசூர் பேசற பாஷைங்க மேல”ன்னுச்சு! அவ்வளவுதான் பாய், பின்கட்டே கல்யாண வீடாயிடுச்சு. புத்தகப் பேரைப் படிச்சு எழுதி அடுக்க, தெலுங்குக்குப் பெருக்கற முனிலட்சுமி, கன்னடத்துக்குக் கம்பெனி பஸ் டிரைவர், உருதுவுக்குத் தையல்காரி சுக்ரா, எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே கூலி. எழுத்தறியாத எனக்குக் கூலியில்லாம, சும்மா ஒத்தாசைக்கு, கடைசித் தாளில் லைப்ரரி கார்டு வைக்கற பை ஒட்டற வேலை. உருது மூட்டை முழுக்க ஒட்டிட்டு நிமிர்ந்தா சுக்ரா தலையில கைவச்சு நிக்குது. “தாத்தா, இது வலப்பக்கம் திறக்கற புத்தகம்! புத்தகப் பேரெல்லாம் உங்க பைக்கு அடியில!” ஈரத்துணி வச்சு ஒவ்வொண்ணா உரிச்சு அலமாரியில அடுக்கினோம். அது திட்டினதெல்லாம் உருதுவில, அதனால எனக்கு வலிக்கல.

அந்த நேரம் பார்த்து செயலாளர் முத்துக்குமார் சார் வந்தார். “யாரு படிக்கப் போறா இதை? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆளாவது உருதுப் புத்தகம் எடுக்கணும். இல்லேன்னா அலமாரி காலி, சுக்ராவும் வர வேணாம்”னுட்டார். வாசகசாலையில வேலை செய்யற சுக்ரா எடுத்தா கணக்குல வராதாம். அதனால இந்தப் புள்ளயோட வேலை இப்ப உங்க கையில. சட்டையை மாட்டிக்கிட்டு உடனே பஸ் ஏறுங்க பாய்!

வீட்டில் எல்லாருக்கும் என் சலாம். குழந்தைங்க நோய்நொடி இல்லாம இருக்கட்டும்.

பி.கு.: பஸ் ஏற வேணாம். நான்தான் கூலி வாங்காத ஆளாச்சே, நானே கைநாட்டு வச்சு ஒண்ணு எடுத்துட்டேன். “படிக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா?”ன்னார் சார். “தமிழ்ப் புத்தகம் எடுக்கறவங்களை எல்லாம் படிச்சீங்களான்னு கேக்கறோமா சார்?”ன்னுச்சு ஸ்வாதி. சார் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போனார். அலமாரி தப்பிச்சுது, சுக்ரா வேலையும் தப்பிச்சுது. ஆனா இப்ப உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். படிச்சுச் சொல்ல சுக்ராவுக்கு நேரமில்லையாம். நம்ம செட்டுல உருது படிச்சவங்க யாரு? வாட்ச் கடை காதர் போயிட்டார், பேக்கரி உசேன் போயிட்டார், லாடம் அடிக்கற ரஹீமும் போயிட்டார். சரி, பஸ்ஸே ஏறுங்க. மிச்சம் இருக்கறது மெஹபூப் பாஷா ஒருத்தர்தான்.