கடப்பாறை போடாத கையெழுத்து

தரைக்கு அடியில தண்ணி எங்க ஒழுவுதுன்னு காதாலயே கண்டுபுடிக்கிற ஆளு புதுச்சேரி டவுன்ல ஒருத்தன்தான் இருக்கான். அது நான்தான்.

பொய்யி. எம் பொண்டாட்டி கூப்புடறதே எனக்கு மூணாவது தடவதான் கேக்கும். அந்த ஆளு கடப்பாறை, ஊரு வச்ச பேரு அது. அவரு காத வைக்கிறப்ப பக்கத்துல நின்னு, வர்ற வண்டிய எல்லாம் கையக் காட்டி ஆரன் அடிக்காம பாத்துக்கிறவன் நானு. வெளியூர்க்காரங்ககிட்ட மட்டும் இத கொஞ்சம் மாத்திச் சொல்லிக்குவேன். அஞ்சாம் கிளாஸோட பள்ளிக்கூடமும் நானும் பேசிக்கிறதில்ல. நான் சொல்லச் சொல்ல எம் பொண்ணு போன்ல அடிக்குது. தப்பு இருந்தா அதக் கேளுங்க.

கடப்பாறைய வச்சு ஊரே தோண்டும். தோண்டாத ஒரே கடப்பாறை இவரோடது. ஒரு மொனைய ரோட்டுல ஊணுவாரு. இன்னொரு மொனையில காத ஒட்ட வைப்பாரு. கண்ண மூடிக்குவாரு. புள்ளத்தாச்சி வயித்துல டாக்டரம்மா காது குடுத்துக் கேப்பாங்களே, அப்டி. அந்த நேரத்துல யாரும் மூச்சு விடக்கூடாது. ஒரு தடவ நெல்லித்தோப்பு மார்க்கெட்டு பக்கத்துல அப்டி நின்னவரு கண்ணத் தொறக்காமலே சொன்னாரு: "பைப்புல ஒழுக்கு இல்ல. அந்த மூணாவது வூட்ல மோட்டார நிறுத்தாம வுட்டுட்டாங்க. உள்ள புருஷன் பொண்டாட்டி சண்ட. முடிஞ்சதும் நிறுத்துவாங்க." போய்ப் பாத்தோம். மோட்டாரும் ஓடுது, சண்டையும் ஓடுது.

அவருக்கு வேல, எங்க ஏரியா தண்ணித் தொட்டி வால்வத் தொறந்து வுடறது. காலைல ஆறு மணி, சாயங்காலம் அஞ்சு மணி. தொட்டி கேட்டு சாவி எப்பவும் இடுப்புலதான். அரைஞாண் கயிறு இல்லாம கூட பாத்துருக்கேன், சாவி இல்லாம பாத்ததில்ல. கவர்மெண்ட்டு வேலதான். ஆனா தினக்கூலி. பதினெட்டு வருஷமா தினக்கூலி. அடுத்த லிஸ்ட்டுல பர்மனென்ட்டுன்னு சொல்லுவாங்க. லிஸ்ட்டு வரும், அவரு பேரு அதுக்கு அடுத்த லிஸ்ட்டுக்குப் போவும்.

தெனம் பத்து மணிக்குள்ள தண்ணி ஆபீஸ்ல மஸ்டர் நோட்டுல கையெழுத்து போடணும். ஒரு நாளு விட்டா பிரேக்கு. பிரேக்கு விழுந்தா சீனியாரிட்டி போச்சு. அதனால மனுஷன் பதினெட்டு வருஷத்துல ஒரு நாளு விட்டதில்ல. தாலி கட்டுன அன்னிக்கு மாலையக் கழட்டாம, பொண்ண மணவறையில உக்கார வச்சிட்டு, சைக்கிள்ல போய் கையெழுத்து போட்டுட்டு வந்தாரு. மாப்ள ஓடிட்டான்னு நெனச்சு மாமனாரு மயக்கமாயிட்டாரு. புயலடிச்சு ஆபீஸு கூரையே பறந்தப்ப, நோட்டு எங்கன்னு தேடி, ஈர நோட்டுல பென்சிலால போட்டாரு. குடல்வால் ஆபரேஷனுக்கு டாக்டருகிட்ட இன்னா கேட்டாரு தெரியுமா? "ஒம்பதர மணிக்கு நோட்டு வந்துடும் சார். போட்டுட்டு வந்து படுத்துக்கிட்டா ஆவாதா?"

எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேட்டா பென்ஷன்னுவாரு. எங்க ஊரு அப்டி. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவங்கள "சொல்தா"ம்போம். கடப்பாறை வூட்டுக்கு எதுத்தாப்ல ஒரு சொல்தா. தொண்ணூறு வயசு. நடக்க முடியாது, பல்லு இல்ல. ஆனா அவரு தும்முனா ஆறு பேரு தைலத்த எடுத்துக்கினு ஓடியாருவாங்க. மருமவங்க ரெண்டு பேருக்கும் அவர யாரு பாத்துக்கறதுன்னு போட்டி. அத்தனையும் பிரான்சுலேர்ந்து வர்ற பென்ஷனு. அதப் பாத்துப் பாத்து வளந்த மனுஷன் வேற எதுக்கு ஆசப்படுவாரு?

இந்த எடத்துலதான் நான் உள்ள பூந்தேன். நல்லா இருந்த குடும்பத்துல நான் பூந்தா எப்டி இருக்கும்னு எங்க மாமியாருகிட்ட கேட்டுக்கோங்க.

நான் தனியாளா பிளம்பிங் வேல பாக்கறேன். தவளக்குப்பம் தாண்டி கடலோரமா ஒரு ரிசார்ட்டு. அங்க மாசக்கணக்கா தண்ணி காணாம போவுது. எங்க போவுதுன்னு தெரியல. நாலு எடத்துல தரைய ஒடச்சாச்சு. நாலாவது எடத்த ஒடச்சது நானு. அங்க ஒண்ணும் இல்ல, நல்லா இருந்த கரண்ட்டு ஒயரத்தான் அறுத்தேன். மொதலாளி என்னப் பாத்த பார்வையில, "சார், எங்கிட்ட ஒரு ஆளு இருக்காரு"ன்னு கடப்பாறை கதைய எடுத்து வுட்டேன். அவரு அசந்துட்டாரு. அந்த ஆளு வேலைக்கே வரட்டும், இப்ப வாங்குறதுக்கு மூணு மடங்கு சம்பளம் தரேன், உனக்கும் பைப்பு கான்ட்ராக்ட்டு தரேன்னாரு.

நான் மொதலாளிகிட்ட, வரேன்னு சொல்லிட்டாருன்னு சொன்னேன். கடப்பாறைகிட்ட, சும்மா ஒரு ஒழுக்கு பாத்துட்டு வந்துடலாம்னு சொன்னேன். ரெண்டு பேருகிட்டயும் உண்மையச் சொல்லியிருந்தா நான் எதுக்கு?

காலைல எட்டு மணிக்கு வால்வ மூடுனதும் அவர எம் பைக்குல ஏத்திக்கினு கெளம்பினேன். பின்னாடி கடப்பாறை, அவரு கையில கடப்பாறை. பத்து மணிக்குள்ள ஆபீஸுல இருந்தாவணும்னு பத்து தடவ சொன்னாரு. நானும் பத்து தடவ தலைய ஆட்டுனேன். அரியாங்குப்பம் தாண்டறப்ப அவரு போன் அடிச்சுது. கூட வேல பாக்குற முருகேசன். மேலாபீஸ்லேர்ந்து திடீர்னு அதிகாரி வராரு, இன்னிக்கு யாரு யாரு நேர்ல வந்து நோட்டுல கையெழுத்து போடறாங்களோ அவங்க பேருதான் பர்மனென்ட்டு லிஸ்ட்டுக்குப் போவுதுன்னு சொன்னான்.

"வண்டியத் திருப்புடா."

"அண்ணே, மணி எட்டே கால்தான். பத்து நிமிஷம் கேட்டுட்டுப் போயிடலாம்ணே."

திருப்பியிருக்கணும். இப்பவும் தண்ணி குடிக்கறப்ப எல்லாம் தோணும்.

ரிசார்ட்டுல கடப்பாறைய ஊணி காத வச்சாரு பாருங்க, அவ்ளோதான், மனுஷன் போயிட்டாரு. ஒழுக்குச் சத்தம் கேட்டுட்டா அத வுட்டுட்டு வர அவரால ஆவாது. அஞ்சடி நவுருவாரு, கேப்பாரு. திரும்பப் பின்னால வருவாரு. மணி எட்டே முக்கா. ஒம்பது. ஒம்பதே கால். "அண்ணே"ன்னேன். கைய மட்டும் ஒசத்துனாரு. வாய மூடுன்னு அர்த்தம்.

மொதலாளி ஒரு கவர எடுத்துக்கினு வந்தாரு. உள்ள வேலைக்கான லெட்டரு. சம்பளம் எழுதியிருக்கு, தங்க ரூம்பு எழுதியிருக்கு. இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்கன்னாரு. கடப்பாறை கண்ணத் தொறந்து லெட்டரப் பாக்கல, என்னப் பாத்தாரு. நான் வானத்தப் பாத்தேன். அன்னிக்கு வானத்துல ஒண்ணுமே இல்ல.

"இதுல பென்ஷன் உண்டா சார்?"

"பிஎஃப் உண்டுப்பா. பென்ஷன யாரு கண்டா? நாளைக்கு வரப்போற பென்ஷனுக்காக இன்னிக்கு பட்டினி கெடப்பியா?"

கேள்வி நியாயந்தான். கடப்பாறை வூட்ல மழைக்கு ஒழுவாத எடம் மீட்டர் பொட்டி மாட்டுன எடம் ஒண்ணுதான். ஊரு ஒழுக்கக் கண்டுபுடிக்கிறவரு வூட்டு ஒழுக்குக்கு சட்டி வச்சிருக்காரு. அவரு பொண்ணு பதினொண்ணாவது, அடுத்து காலேஜு. அவரு சம்சாரம் சாந்தி அக்கா இந்த சமாச்சாரம் தெரிஞ்சிருந்தா கையப் புடிச்சு கையெழுத்து போட வச்சிருக்கும்.

அவரு லெட்டர மடிச்சு சட்டப் பையில வச்சாரு. "யோசிச்சு சொல்றேன் சார்." மொதலாளி, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன், போன் வரலன்னா கடலூர்லேர்ந்து வேற ஆளுன்னாரு. சரின்னுட்டு இவரு திரும்பவும் காத வச்சிட்டாரு.

நான் மெல்ல ஓரமாப் போய் முருகேசனுக்குப் போன் போட்டேன். லேட்டானாலும் ஆவும், அண்ணன் எடத்துல நீயே ஒரு கையெழுத்த போட்டு வச்சிடுன்னேன். என் வாழ்க்கையில முன்யோசனையா செஞ்ச ஒரே காரியம் அது. அதான் நாசமாப் போச்சு.

ஒம்பது முப்பத்தஞ்சுக்கு நீச்சல் தொட்டி படிக்கட்டுக்கு அடியில கடப்பாறைய தட்டுனாரு. "இங்க." ஒடச்சுப் பாக்க நாங்க நிக்கல. வண்டிய எடுத்தேன். தவளக்குப்பம் சந்திப்புல நாலு பக்கமும் பஸ்ஸு நின்னு ஒண்ண ஒண்ணு மொறச்சுக்கினு இருக்கு. சந்துல பூந்து, ஒருத்தர் வூட்டு வாசக் கோலத்த மிதிச்சு, அரியாங்குப்பம் பாலத்துக்கு வந்தா வண்டி விக்குச்சு. அப்புறம் நின்னுடுச்சு. பெட்ரோலு இல்ல. போட்டுட்டேன்னு காலைல அவருகிட்ட நான்தான் சொல்லியிருந்தேன்.

பாலத்து மேல வண்டியத் தள்ளிக்கினு ஓடறோம். பயத்துல எனக்கு வாயி நிக்கல. சொல்லக் கூடாதத சொல்லிட்டேன்: "அண்ணே, இப்ப புதுசா பர்மனென்ட் ஆவறவங்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் கெடையாதுண்ணே. ஊருக்கே தெரியும். உங்ககிட்ட சொல்ல யாருக்கும் மனசு வரல. அந்த லெட்டர்லயே கையெழுத்த போடுங்கண்ணே."

ஓடிக்கிட்டே சொன்னாரு: "தெரியும்டா."

"தெரியுமா? அப்புறம் எதுக்குண்ணே இந்த ஓட்டம்?"

"எங்கப்பா மில்லுல வேல பாத்தாரு. அன்னிக்கு எங்க தெருவுல அவருக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி. ஒரு நாளு காலைல சோத்துத் தூக்குச் சட்டிய எடுத்துக்கினு போறாரு, கேட்டுல பூட்டு. தூக்க அப்டியே திருப்பி எடுத்துக்கினு வந்தாரு." மூச்சு வாங்குனாரு. இடுப்புல தட்டிக் காட்டுனாரு. "இந்த கேட்டுப் பூட்டுக்கு சாவி எங்கிட்ட கீதுடா."

நான் வண்டிய இன்னும் வேகமாத் தள்ளுனேன்.

டவுனுக்கு மீனு ஏத்திக்கினு போற ஒரு லோடு ஆட்டோவ நிறுத்தி, வண்டிய பாலத்து ஓரமா வுட்டுட்டு, மீன் கூடைங்க மேல உக்காந்து, பத்து அஞ்சுக்கு ஆபீஸு வாசல்ல எறங்கினோம். ரெண்டு பேரு மேலயும் ஐஸு தண்ணி. தெருவுல இருந்த பூன எல்லாம் எங்களோடயே உள்ள வந்துச்சு.

உள்ள ஆளுங்க எல்லாம் செவுத்தோரமா நிக்கறாங்க. அதிகாரி நோட்டக் கையில வச்சிக்கினு கேக்கறாரு: "கடைசியில கடப்பாறைன்னு எழுதி கையெழுத்து போட்டுருக்கே. இது ஆளுங்க வருகையா, சாமான் கணக்கா?"

நடந்தது இதான். முருகேசன் கையெழுத்து போட நோட்டத் தொறந்துருக்கான். நாப்பது பேரு. இதுல கடப்பாறையோட நெசப் பேரு எதுன்னு அவனுக்குத் தெரியல. பக்கத்துல இருந்தவனுக்கும் தெரியல. பதினெட்டு வருஷமா கூட டீ குடிச்சவங்க ஒருத்தனுக்கும் தெரியல. சரி, நாமளே எழுதிடுவோம்னு கீழ எழுதிட்டான்.

அது நான் போட்டதுதான்னு அவரு ஒத்துக்கிட்டா முடிஞ்சிடும். முருகேசன் கண்ணாலயே கெஞ்சறான். போட்டவன் யாருன்னு தெரிஞ்சா அவன் வேல போயிடும்.

கடப்பாறை முன்னால போனாரு. "அது நான் இல்லாதப்ப போட்டது சார். அடிச்சிடுங்க. நான் அஞ்சு நிமிஷம் லேட்டு."

"யாரு போட்டது?"

"எம் பேருல போட்டதுக்கு நான்தான் சார் பொறுப்பு."

அதிகாரி நோட்டப் பொரட்டுனாரு. நெசப் பேரக் கேட்டாரு. அவரு சொன்னாரு. பன்னெண்டு வருஷப் பழக்கத்துல நான் கேட்டது அன்னிக்குத்தான். நல்ல பேரு. இங்க சொல்ல மாட்டேன், சொன்னா அப்புறம் மரியாதையா கூப்புடணும். அதிகாரி அந்தப் பேருக்கு நேரா செவப்பு மையில பிரேக்குக் கோடு ஒண்ணு போட்டாரு. பதினெட்டு வருஷத்துல மொத கோடு. பர்மனென்ட்டு லிஸ்ட்டுக்கு முருகேசன் பேரு போச்சு. இவரு பேரு போவல.

வெளிய வந்து என்னத் திட்டாம, இடுப்புச் சாவியத் தொட்டுப் பாத்துக்கினு நடந்தாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சட்டப் பையில லெட்டரு மட்டும் நனஞ்சு ஒட்டிக்கினு இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் எங்க தெருக் குழாயாண்ட நான் கொடத்தோட நின்னேன். நான் கொடம் தூக்கறத பாத்து தெருவே சிரிக்குது. எனக்குத்தான் தெரியும், மணி அஞ்சானா ஒண்ணு தண்ணி வரும், இல்லன்னா அவரு மொதலாளிக்குப் போன் போட்டுட்டாருன்னு அர்த்தம். ரெண்டுல எது நடக்கணும்னு எனக்கே சொல்லத் தெரியல. அஞ்சாச்சு. குழாயில ஒண்ணும் இல்ல. அஞ்சு ஒண்ணு. அஞ்சு ரெண்டு. பொம்பளைங்க கொடத்தத் தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அஞ்சு நாலு. நான் குழாயில காத வச்சேன். எங் காதுல இன்னா கேக்கும்? ஆனா கேட்டுச்சு. தூரத்துல யாரோ மூச்ச இழுக்கற மாதிரி காத்து. அஞ்சு அஞ்சுக்கு சொய்ங்னு எம் மூஞ்சியிலயே அடிச்சுது தண்ணி.

அஞ்சு நிமிஷம் லேட்டா தொறக்கறான் பாரு, கவர்மெண்ட்டு திமிருன்னு ஒரு அக்கா திட்டுச்சு. நான் வாய மூடிக்கினு கொடத்த ரொப்புனேன்.

ரிசார்ட்டு வேலைக்கு கடலூர் ஆளு வந்தாரு. காது தேவப்படாத வேலைய எல்லாம் அவரு பாக்கறாரு. கடப்பாறை இன்னும் தினக்கூலிதான். மழைக்கு சட்டியும் அப்டியேதான் இருக்கு. அந்த அஞ்சு நிமிஷம் வால்வு பக்கத்துல நின்னு இன்னா நெனச்சாருன்னு போன மாசந்தான் தைரியமா கேட்டேன். அவரு சிரிச்சாரு. சிரிச்சிட்டு, "டேய், அன்னிக்கு இன்னா ஆச்சின்னா..."ன்னு ஆரம்பிச்சு சொன்னாரு பாருங்க...

இருங்க, போன் அடிக்குது. அவருதான். நாலு தெரு தள்ளி ஒழுக்காம், ரோட்டுல காத வைக்கணுமாம், ஒடனே வரச் சொல்றாரு. ஆரன நிறுத்த அங்க ஆயிரம் பேரு இருப்பாங்க, இருந்தும் என்னத்தான் கூப்புடறாரு. எம் பொண்ணு அடிக்கறத நிறுத்திட்டு, போப்பான்னுது. போறேன். இந்த ஊர்ல நான் வாய மூடிக்கினு நிக்கற எடம் அவரு பக்கம் ஒண்ணுதான்.