இன்ஜெக்டருக்குப் பொன்னாடை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது அதற்கு ஒரு திறப்பு விழா வைக்கத் தவறிவிட்டது. அந்தப் பழைய குறையைத் தீர்த்து வைக்கும் பாக்கியம், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு என்ற மேற்பிரிவின் நலன்புரிச் சங்கத்துக்கும் அதன் மாண்புமிகு செயலாளர் தயாபரனுக்கும்தான் வாய்த்தது.

சங்கத்துக்கு ஒரு ஃபோர்வீல் ஜீப் உண்டு. லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு வலி வந்தாலும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அதுதான் போகும். மீட்டர் நாலு லட்சத்தில் நின்றுபோன பிறகும் ஜீப் நிற்கவில்லை. இந்த வருஷம்தான் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, ஏற்றத்தில் கரும்புகை கக்கி, கொழுந்தெடுக்கிற பெண்களிடம் கண்டபடி ஏச்சு வாங்கியது.

டிரைவர் கணபதி இன்ஜெக்டர் நாலையும் கழற்றிக் கொடுக்க, தயாபரன் பதுளையில் நௌபர் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனான். டீசலை இன்ஜினுக்குள் பனி மாதிரி பீச்ச வேண்டிய சாமான், பைப்படித் தண்ணி மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. நானா கழுவி, நுனியில் பீச்சுகிற நொசிலை மாற்றி, பீச்சிப் பார்த்து, ஒவ்வொன்றின் வாய்க்கும் பிளாஸ்டிக் மூடி போட்டுக் கொடுத்தார்.

"போன கையோட இன்ஜின்ல பூட்டிருங்க தம்பி. அதுவரைக்கும் மூடியக் கழட்ட வாணாம். ஒரு தூசி பட்டாலும் வேல போச்சு."

"சும்மா பூட்டுறதா நானா? பொதுச்சொத்து! பிரதம அதிதி வந்துதான் பூட்டணும்."

"அவருக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமா?"

"கத்தரிக்கோல் நல்லாப் புடிப்பாரு."

நானா வேறு வாகனத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் தயாபரனின் மனைவி விஜயலெட்சுமி நிறைமாதம். "என்னங்க, எனக்கு நாள் கிட்டிருச்சு. மொதல்ல ஜீப்புல இன்ஜெக்டரப் பூட்டச் சொல்லுங்க."

"பிரதம அதிதி ஐயா ஞாயித்துக்கிழமைதான் வாறாரு விஜயா. அதுவரைக்கும் நீ ஒத்துழைக்கணும். கூட்டத்துல ஏகமனதாத் தீர்மானம் போட்டாச்சு."

"புள்ளகிட்ட கேட்டீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாவுக்கு வேறொரு தோட்டத்தில் கக்கூஸ் திறக்க வேண்டியிருந்தது. விழா அடுத்த ஞாயிறுக்கு 'மாபெரும் பொதுநலன் கருதி' ஒத்திவைக்கப்பட்டது. ஜீப் வாயைப் பிளந்தபடி நின்றது.

விழா நாளும் வந்தது. வாயை மூடிய நிலையில் அதிதியை வரவேற்பது மரியாதையா? தயாபரன் தன் கையாலேயே மூடிகளைக் கழற்றி, நொசில் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினான். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, விழாவுக்கு வந்திருந்த விஜயலெட்சுமிக்கு வலி எடுத்துவிட்டது.

"செயலாளரே, தாங்க இப்படி!" என்று கணபதி ஓடி வந்தான். "தொடச்சு, அரை மணித்தியாலத்துல பூட்டிருறேன்."

 தயாபரனின் கை தாம்பாளத்துக்குப் போனது. போன் அடித்தது. ஐயா புறப்பட்டுவிட்டாராம். கை திரும்பி வந்துவிட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்க விஜயா. ஐயா திறந்து வச்சதும் மொத சவாரியே நீதான்!"

விஜயலெட்சுமி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பக்கத்து லயத்துப் பெண்களைப் பிடித்துக்கொண்டு கொழுந்து லொறியில் ஏறிவிட்டாள். தயாபரனும் ஏறியிருப்பான். வரவேற்புரை அவன் பேரில் இருந்ததே, பாவம்!

ஐயா பொழுது சாய்ந்துதான் வந்தார். "இன்ஜெக்டர் என்பது ஒரு சமூகத்தின் சுவாசம்" என்று முழங்கினார். ரிப்பன் வெட்டினார். ஸ்பேனரைத் தொட்டுக் கொடுத்தார். கணபதி முடிந்த மட்டும் துடைத்து, தலையில் அடித்துக்கொண்டே பூட்டி, சாவியைத் திருப்பினான். நொசிலின் ஊசித் துவாரத்துக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஜீப் இரண்டு தரம் இருமியது. ஐயாவின் வெள்ளைச் சட்டை மேல் கரும்புகையை அள்ளிக் கொட்டிவிட்டு அடங்கிப்போனது.

"கவலை வேண்டாம்" என்றார் ஐயா, முகத்தைத் துடைத்தபடி. "அடுத்த சர்வீசையும் நானே திறந்து வைக்கிறேன்." பலத்த கைதட்டல்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தயாபரன் பதுளைக்குப் போனான். பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசல் வரை பொறுக்காமல், வழியிலேயே, லொறிக்குள் கொழுந்துச் சாக்குகள் மேல் பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்டதும் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகை ஓய்ந்ததும் பையிலிருந்து பொன்னாடையை எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தப் போனான்.

விஜயலெட்சுமி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நல்லவேளை, எம்புள்ளைக்கு நீங்க திறப்பு விழா வைக்கல. வச்சிருந்தா, அது இன்னும் வயித்துக்குள்ளயே ஐயாவுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கும்."