வெளியே போனது எத்தனை தபா?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இதுவரை வந்த நோயாளிகளிலும் இனி வரப்போகிறவர்களிலும் ‘ட்ரிப் ஷீட்’ என்று நாங்கள் கூப்பிட்ட மனுஷருக்கு இணையாக ஒருத்தர் கிடையாது. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அந்த வயிற்றால்தான் அவர் எனக்குப் பழக்கமே ஆனார்.

எங்கள் இருவருக்கும் பெருங்குடலில் புண். ரத்தமும் சளியுமாகப் போகும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓட வைக்கும். நான் சாப்பிடாத மருந்தில்லை. இதற்கும் அடங்காவிட்டால் குடலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், வேலப்பன்சாவடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த புது மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தேன். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. தினமும் டைரி எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ரெஹானா மேடத்திடம் காட்ட வேண்டும். ஆராய்ச்சிக்காரர்களையும் எங்களையும் கட்டி மேய்த்தது அந்தப் பெண்தான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். படிவம் நிரப்புவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் வியாழன் அன்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட டைரியை நீட்டிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். மேடம் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. பக்கத்தில் காக்கிச் சட்டையில் இருந்த ஷேர் ஆட்டோக்காரரின் டைரியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஒரே நாளில் முப்பத்தெட்டுத் தடவை என்று எழுதியிருந்தார் அந்த மனுஷன். இரண்டு டாக்டர்கள் வந்து ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். ஒருவர் உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். என்னுடைய ஒன்பதை ஒருத்தரும் சீந்தவில்லை.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. டைரியைத் தமிழாக்கியவர் யாரோ கூச்ச சுபாவமுள்ள தெற்கத்திக்காரர் போலிருக்கிறது. ‘நேற்று எத்தனை முறை வெளியே போனீர்கள்?’ என்று அச்சடித்து வைத்திருந்தார். தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குக் கக்கூஸ் போவது என்ற ஒரே அர்த்தம்தான். குமணன்சாவடியில் பிறந்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? காட்டுப்பாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓட்டிய நடை அத்தனையையும் நேரம் போட்டு எழுதியிருந்தார். ‘ரத்தம் தென்பட்டதா?’ என்ற கட்டத்தில், ‘ஆமாம், கரையான்சாவடி சிக்னலில் பைக்கில் வந்த ஒருத்தருக்கு முட்டியில்.’ ‘அவசரம் இருந்ததா?’ என்ற கட்டத்தில், ‘ஆபீஸ் டைமில் எல்லாருக்கும் அவசரம்தான்.’

“வெளியே போனியான்னு கேட்டீங்க, எழுதிகினு வந்தேன். இதுல இன்னா மேடம் தப்பு கீது?” என்றார்.

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவர்கள் சவாரிக் கணக்கு எழுதும் தாளை நினைத்து, அவருக்கு ட்ரிப் ஷீட் என்று பெயர் வைத்ததும் மேடம்தான். எனக்குக் கடைசிவரை ‘நாப்பத்தேழாம் நம்பர் சார்’தான்.

அர்த்தம் புரிந்த பிறகு அவர் எழுதியதைச் சொல்ல வேண்டும். நான் வெறும் எண் எழுதினேன். அவர் எந்தப் பெட்ரோல் பங்கில் தாழ்ப்பாள் நிற்காது, எந்தக் கல்யாண மண்டபத்தில் தண்ணீர் வரும் என்பதுவரை எழுதினார். மண்டபத்தில் யார் என்று கேட்டால் மாப்பிள்ளை வீடு என்பாராம். ஒரு முறை அவரை விடாமல் பிடித்து மேடையேற்றி அட்சதை போட வைத்துவிட்டார்கள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவசர முகத்தோடு நிற்பவர் இவர்தான். எலும்பு டாக்டர், கண் டாக்டரெல்லாம்கூட வியாழக்கிழமை ஆனால் அவர் டைரியைப் படிக்க வந்தார்கள். எனக்கு எரியுமா எரியாதா?

அதோடு விட்டாரா? அவருடைய எண்ணிக்கை ஒன்பதிலிருந்து ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. ஒரு வியாழன் வந்து, “சார், நேத்து பிரியாணி துன்னேன், ஒண்ணும் ஆவல சார்” என்றார். நான் ரசம் சாதத்தையே பயந்து பயந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிஜ மாத்திரை அவருக்கு, டம்மி எனக்கு என்று அன்றே முடிவுகட்டிவிட்டேன். என் எண்ணிக்கை பதினொன்றைத் தொட்டிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து பதினொன்று என்று எழுத வேண்டிய இடத்தில் மூன்று என்று எழுதினேன். அடுத்த வாரம் இரண்டு. மேடம் முதல்முறையாக என்னைப் பார்த்து, “சூப்பர் சார்” என்றார். கம்பெனியில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புத்தி கெட்டால் எல்லாம் கெட்டது.

அடுத்த முறை போனபோது, ‘நேற்று ஒன்று’ என்று எழுதிய டைரியை மேடத்திடம் நீட்டினேன். ட்ரிப் ஷீட் எழுந்து நின்றார்.

“மேடம், சார் பொய் எழுதிகினு கீறாரு. நான் வந்து ஒரு மணி நேரம் ஆவுது, அதுக்குள்ளயே நாலு தபா போய்ட்டாரு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அதற்குள் ஐந்தாவது தடவை வந்துவிட்டது.

அன்றே படுக்கையில் போட்டார்கள். ஆராய்ச்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு வேறு மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஒரு வாரம் மறைத்திருந்தால் குடலை எடுத்திருப்போம் என்று டாக்டர் கடுமையாகச் சொன்னார். மத்தியானம் ட்ரிப் ஷீட் வந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நோட்டுல ஒண்ணுன்னு போட்டா உள்ள ரத்தம் நின்னுடுமா சார்? திட்டணும்னா திட்டு. நான் இங்கயேதான் கீறேன்.”

சொன்னபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் ஒரு சவாரிகூட ஓட்டவில்லை.

என் குடல் தப்பியது. அவர் சாப்பிட்டது நிஜமா டம்மியா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவர் பொய் எழுதி நான் பார்த்திருந்தால், வாயைத் திறந்திருக்க மாட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டிருப்பேன். அவருக்கு அப்படி இருக்க வரவில்லை. அந்த மனசைப் பார்த்துத்தான் இப்போதும் எனக்குப் பொறாமை.